மானியப் பணம் சேரும் வங்கிக் கணக்கை மாற்றுதல்

நெற்செய்கையில் உரமிடுதலுக்குக் காலம் உண்டு. அடிக்கட்டுப் பசளை நிலத்தைப் பண்படுத்தும்போது இடப்படுகின்றது. மேற்கட்டாக இடப்படும் யூரியா, விதைத்த இரண்டாம் வாரமளவிலிருந்து தவணை தவணையாக இடப்படுகின்றது. இத்தவணைகளுள் ஒன்று தவறின் மட்டம் வெடித்தல் குறையும்; பின்னர் இரட்டிப்பாக இடினும் அக்குறை நிரம்பாது. ஆகவே, உரத்திற்கென அரசாங்கம் வழங்கும் பணம் உரிய காலத்திற் கமக்காரர் கையிற் சேர்தல், விதையும் நீரும் உரிய காலத்திற் கிடைத்தலைப் போன்றே முக்கியமானதாகும்.

இப்பணம் இக்காலத்தில் வங்கிக் கணக்கின் மூலமாகவே வழங்கப்படுகின்றது. கணக்குச் சரியாக இருப்பின் பணம் தானே வந்து சேரும். கணக்கு மூடப்பட்டதாகவோ, இலக்கம் பிழையானதாகவோ, வேறொருவர் பெயரிலுள்ளதாகவோ இருப்பின், பணம் ஒதுக்கப்பட்டிருந்தும் பயிருக்கு உதவாது போகும். கணக்கை மாற்றவேண்டிய தேவை எப்போது உண்டாகின்றது, அதனை எம்முறையிற் செய்தல் வேண்டும், எவ்வெவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

உரமூடையிலிருந்து வங்கிக் கணக்கிற்கு

இலங்கையில் நெற்செய்கைக்கான உர மானியம் 1962ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. அன்று தொட்டு நெடுங்காலமாக மானியம் என்பது குறைந்த விலைக்கு வழங்கப்படும் உரமூடையாகவே இருந்தது. 2016ஆம் ஆண்டில் அம்முறை மாற்றப்பட்டு, ஆண்டொன்றுக்கு ஹெக்டெயருக்கு 25,000 ரூபா வீதம், இரண்டு ஹெக்டெயர் வரையில், கமக்காரரின் வங்கிக் கணக்கிற்குப் பணமாக அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் மீண்டும் 50 கிலோ மூடையொன்று 500 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின் மானியம் மறுபடியும் பணமாக மாறியது. 2023/24 பெரும்போகத்தில் ஹெக்டெயருக்கு 15,000 ரூபாவாக இருந்த தொகை, 2024/25 பெரும்போகத்தில் 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

மூடையாக வழங்கப்பட்ட காலத்திற் கமக்காரர் நிலையத்திற்குச் சென்று, இடாப்பில் ஒப்பமிட்டு, மூடையை வண்டியில் ஏற்றி வந்தார். ஏதும் குறை இருப்பின் அவ்விடத்திலேயே தெரிந்துவிடும். பணமாக வழங்கப்படும் முறையிலோ குறை கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்து வயற்காரருக்குப் பணம் வந்துவிட்டது, தமக்கு வரவில்லை என்று அறியும்போதே பலர் தமது கணக்கின் நிலையை விசாரிக்கத் தொடங்குகின்றனர். அவ்வேளையில் முதலாம் யூரியாவுக்குரிய நாள் கடந்துபோயிருக்கும்.

இதனால் உண்டாகும் நட்டத்தை ஒரு கணக்கினால் அறியலாம். கட்டுக்கரைக்குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் என்பது ஏறத்தாழ 1.21 ஹெக்டெயர் ஆகும். ஹெக்டெயருக்கு 25,000 ரூபா வீதம் அவருக்குரிய தொகை ஏறக்குறைய 30,350 ரூபா. இப்பணம் வந்து சேராமையால் அவர் 30,000 ரூபாவை மாதத்திற்கு நூற்றுக்கு ஐந்து வட்டியிற் கடனாகப் பெற்று உரம் வாங்குவாராயின், நான்கு மாதத்தில் வட்டி மட்டும் 6,000 ரூபா ஆகின்றது. கடன் கொடுத்தவர் அறுவடையின்போது நெல்லாகவே எடுத்துக்கொள்வாராயின், களத்து மேட்டில் விலை மிகக் குறைந்திருக்கும் நாளில் நெல்லைக் கொடுக்க நேரும். இலக்கமொன்று பிழையாக எழுதப்பட்டமையால் வரும் நட்டம் இவ்வளவாகும்.

பணம் வந்து சேரும் வழி

கணக்கை மாற்றுவோர் முதலிற் பணம் எவ்வழியால் வருகின்றதென்பதை அறிந்திருத்தல் நன்று.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி விவசாயக் காணிகளுக்கான இடாப்புப் பேணப்படுகின்றது. காணியின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், செய்கை பண்ணுபவர் ஆகிய விபரங்கள் அதிற் பதியப்படுகின்றன. ஒவ்வொரு போகத்திலும் பயிரிடுவோரின் விபரம் கமநல சேவை நிலையத்திற் சேர்க்கப்பட்டு, அடையாள அட்டை எண், வங்கி, கிளை, கணக்கிலக்கம் ஆகியவற்றுடன் பட்டியலாக்கப்படுகின்றது. அப்பட்டியலின்படி பணம் வங்கிகளுக்கு அனுப்பப்படுகின்றது.

ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பெருந்தொகையான கொடுப்பனவுகளை ஒருமித்து அனுப்புவதற்கு, 1993ஆம் ஆண்டு தொடக்கம் வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவு முறைமையொன்று நாட்டில் நடைபெற்று வருகின்றது. இம்முறைமையில் வங்கிக்கு நான்கு இலக்கக் குறியீடும், கிளைக்கு மூன்று இலக்கக் குறியீடும் உண்டு. இலங்கை வங்கியின் குறியீடு 7010. மக்கள் வங்கியின் குறியீடு 7135. தேசிய சேமிப்பு வங்கியின் குறியீடு 7719. பணம் செல்லும் இடத்தைத் தீர்மானிப்பன இக்குறியீடுகளும் கணக்கிலக்கமுமேயாம். கிளையின் பெயர் சரியாக இருந்தும் குறியீடு பிழைக்குமாயின் பணம் தடைப்படலாம். ஆகவே, கணக்கை மாற்றுமிடத்து இலக்கங்களைச் சரிபார்த்தலே தலையாய வேலையாகும்.

இவ்வழியிற் கமக்காரர் நேரே தொடர்பு கொள்ளக்கூடிய இடங்கள் இரண்டேயாம். ஒன்று கமநல சேவை நிலையம்; மற்றது அவரது வங்கிக் கிளை. வங்கியிற் புதிய கணக்கைத் திறந்த மாத்திரத்தில் மானியம் அங்கே வந்துவிடாது. நிலையத்துப் பட்டியலிற் பழைய கணக்கு இருக்கும்வரை பணம் பழைய கணக்கிற்கே செல்லும். அவ்வாறே, நிலையத்தில் அறிவித்தும் வங்கியிற் கணக்கு நடைமுறைக்கு வராதிருப்பின் பணம் திரும்பிவிடும். இரண்டும் ஒருங்கே நிறைவேறுதல் வேண்டும்.

கணக்கை மாற்றவேண்டிய சந்தர்ப்பங்கள்

எல்லாக் காரணங்களுக்காகவும் கணக்கை மாற்றுதல் விரும்பத்தக்கதன்று. மாற்றம் ஒவ்வொன்றும் பிழைக்கு இடந்தருவது. பின்வரும் சந்தர்ப்பங்களில் மாற்றம் தேவையாகின்றது.

முதலாவது, கணக்கு நெடுநாள் இயங்காமல் இருத்தல். ஒரு கணக்கிற் பணம் இடுதலும் எடுத்தலும் நீண்டகாலம் நடைபெறாவிடின் வங்கி அதனை இயங்காக் கணக்காகக் கொள்ளும். அங்ஙனமான கணக்கை அடையாள அட்டையுடனும் புத்தகத்துடனும் கிளைக்கு நேரிற் சென்று மீண்டும் இயங்கச் செய்யலாம். அது கூடுமாயின் மாற்றம் வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் தொடர்ந்து இயங்காத கணக்குகள் கைவிடப்பட்ட ஆதனமாகக் கருதப்படும் நிலைக்கு உட்படுவன. எனவே பழைய கணக்கை மறந்துவிடுதல் தகாது.

இரண்டாவது, வங்கிக் கிளை எட்டாத் தொலைவில் இருத்தல். வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த பலர் தாம் தங்கிய ஊர்களிற் கணக்குகளைத் திறந்து, பின்னர் சொந்த ஊருக்கு மீண்டு வயல் செய்கின்றனர். இவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிளைகள் கணினியால் இணைக்கப்பட்டிருக்கும் வங்கியில், ஒரு கிளைக் கணக்கின் பணத்தை அவ்வங்கியின் மற்றொரு கிளையிலும் பெறலாம். அவ்வசதி இருப்பின் கணக்கை மாற்றாமலே காரியம் முடியும்.

மூன்றாவது, கணக்கு வேறொருவர் பெயரில் இருத்தல். மகனின் கணக்கு, மருமகனின் கணக்கு, உரக்கடைக்காரரின் கணக்கு என்றிவ்வாறு கொடுக்கப்பட்டிருப்பின், அதனைத் தமது சொந்தக் கணக்காக மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

நான்காவது, செய்கை பண்ணுபவர் மாறுதல். காணி பிரிக்கப்படினும், வாரத்துக்குக் கொடுக்கப்படினும், செய்கை பண்ணியவர் இறப்பினும் மாற்றம் தேவையாகும். இது கணக்கு மாற்றத்துடன் இடாப்பு மாற்றத்தையும் வேண்டுவது. அதுபற்றிப் பின்னர் கூறப்படும்.

ஐந்தாவது, பழைய கணக்கிலுள்ள பணம் கையிற் கிடையாமை. கடன் தவணை நிலுவையில் இருக்கும் வங்கியில், கடன் உடன்படிக்கையின்படி கணக்கிலுள்ள பணத்தைத் தவணைக்கு ஈடுசெய்ய வங்கிக்கு இடமிருக்கலாம். இத்தகைய நிலையிலுள்ளவர் கணக்கை மாற்றுமுன் முகாமையாளரைக் கண்டு, தவணையை அறுவடை வரையிற் பின்போட இயலுமா எனக் கேட்டறிதல் நன்று. கணக்கை மாற்றுதல் கடனை மாற்றாது. வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

வங்கிப் புத்தகம் தொலைதல் கணக்கை மாற்றுதற்குக் காரணமன்று. வங்கியில் அறிவித்தால் அதே இலக்கத்திற்கு வேறு புத்தகம் கிடைக்கும். அதுபோலவே, இயந்திர அட்டை தொலைந்தாலும் கணக்கிலக்கம் மாறுவதில்லை.

புதிய கணக்கு எவ்வாறு இருத்தல் வேண்டும்

புதிய கணக்கு கமக்காரரின் சொந்தப் பெயரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்காக இருத்தல் வேண்டும். நிலையான வைப்பும் பிள்ளைகளின் சேமிப்புக் கணக்கும் இதற்குப் பொருந்தா. அவற்றிலிருந்து வேண்டிய நாளிற் பணம் எடுத்தல் இயலாது. இருவர் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கணக்காயின், ஒருவர் ஒப்பம் மட்டும் போதுமா, இருவரும் ஒப்பமிடல் வேண்டுமா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். ஒருவர் தூர தேசத்தில் இருக்க, இருவர் ஒப்பமும் வேண்டிய கணக்கிற் பணம் முடங்கிக் கிடத்தல் அரிதன்று.

கணக்கிலுள்ள பெயரும் தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருத்தல் வேண்டும். தமிழ்ப் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே வருதலும், சிலவிடத்துப் பின்னே வருதலும், ஆங்கில எழுத்துக்களில் ஒரே பெயர் இருவகையாக எழுதப்படுதலும் உண்டு. இடாப்பில் ஒருவிதமாகவும் வங்கியில் வேறுவிதமாகவும் இருப்பின், அடையாள அட்டையில் உள்ளபடியே இரண்டையும் திருத்துவித்தல் வேண்டும்.

அடையாள அட்டை எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016ஆம் ஆண்டு தொடக்கம் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட எண் வழங்கப்படுகின்றது. அதற்கு முன்னைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் ஓர் எழுத்தும் இருந்தன. பழைய அட்டையை மாற்றிப் புதிய அட்டை பெற்றவரின் எண்ணில், முன்னே 19 சேர்க்கப்பட்டும், இறுதி நான்கு இலக்கங்களுக்கு முன் ஒரு சுழி சேர்க்கப்பட்டும், எழுத்து நீக்கப்பட்டும் இருக்கும். இரண்டும் ஒருவருக்குரிய எண்களே. ஆயினும், வங்கியிற் பழைய எண்ணும் நிலையத்திற் புதிய எண்ணும் பதியப்பட்டிருப்பின், அவர் இருவராகக் கருதப்பட்டுக் கொடுப்பனவு தாமதமாகலாம். இரண்டு இடங்களிலும் ஒரே எண்ணைப் பதிவித்தல் நலம்.

மாற்றும் முறை

கணக்கை மாற்றுதலிற் படிகளின் ஒழுங்கு முக்கியமானது. புதிய வாய்க்கால் வெட்டி முடியுமுன் பழைய வாய்க்காலை அடைப்பவர் இலர். அவ்வாறே புதிய கணக்கிற் பணம் வந்து சேருமுன் பழைய கணக்கை மூடலாகாது. பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் உத்தமம்.

1. புதிய கணக்கைத் திறந்து, சிறு தொகையொன்றை இட்டு, அதனை எடுத்துப் பார்த்தல். இதனாற் கணக்கு இயங்குகின்றதென்பது உறுதியாகும்.

2. பெயர், கணக்கிலக்கம், கிளை ஆகியன அச்சிடப்பட்ட வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கத்தைப் பிரதி செய்தல். புத்தகம் இல்லாத கணக்காயின், வங்கியிலிருந்து இவ்விபரங்கள் கொண்ட கடிதத்தை அல்லது கணக்குக் கூற்றைப் பெறுதல். கிளையின் குறியீட்டை வங்கி உத்தியோகத்தரிடம் கேட்டுப் பிரதியின் மேல் எழுதிக்கொள்ளுதல்.

3. அப்பிரதியுடனும், அடையாள அட்டையுடனும் அதன் பிரதியுடனும், காணி பதியப்பட்டுள்ள பிரிவுக்குரிய கமநல சேவை நிலையத்திற்குச் செல்லுதல். ஒருவருக்கு இரண்டு நிலையங்களின் கீழ் வயல்கள் இருப்பின், இரண்டிலும் அறிவித்தல் வேண்டும்.

4. கணக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்தல். பழைய கணக்கிலக்கம், புதிய கணக்கிலக்கம், மாற்றுதற்கான காரணம், காணியின் பெயரும் பரப்பும் அக்கடிதத்தில் இருத்தல் வேண்டும். எழுத இயலாதவர் கமக்காரர் அமைப்பின் செயலாளரைக் கொண்டு எழுதுவித்து, படிக்கக் கேட்டபின் பெருவிரல் அடையாளம் இடலாம். வெற்றுத் தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தல் ஒருபோதும் தகாது.

5. உத்தியோகத்தர் புதிய விபரத்தைப் பதிந்தபின், இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் செய்து புத்தகத்துடன் ஒப்பிடுதல். கணக்கிலக்கத்தின் முன்னேயுள்ள சுழிகள் விடப்பட்டனவா, ஒன்றும் ஏழும் மாறினவா, ஆறும் சுழியும் மாறினவா எனப் பார்த்தல்.

6. கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதியும் ஒப்பமும் பெற்றுப் பேணுதல். பின்னர் ஏதும் தவறு நேரின் இதுவே சாட்சியாகும்.

7. அடுத்த கொடுப்பனவு புதிய கணக்கிற் பதிந்ததைக் கண்டபின்னரே பழைய கணக்கை மூடுதல். மூடும்போது அங்கே மீதியிருப்பின் அதனையும் பெற்றுக்கொள்ளுதல்.

மாற்றத்திற்கு உகந்த காலம்

பட்டியல் அனுப்பப்பட்டபின் செய்யப்படும் மாற்றம் அடுத்த கொடுப்பனவிலேயே பயன்தரும். ஆகவே, போகம் தொடங்குமுன் மாற்றத்தை முடித்தல் வேண்டும். பெரும்போகத்திற்கெனின், நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் தீர்மானிக்கப்படும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்கு முன்னரே இதனைச் செய்து முடித்தல் நன்று. கமக்காரர் அமைப்புகள் அக்கூட்டத்திற்கு முன்னதாக அங்கத்தவர்களின் கணக்கு விபரங்களை ஒருமுறை வாசித்துச் சரிபார்ப்பின், பலரது சிரமம் ஒரே நாளில் நீங்கும்.

போகத்தின் நடுவே மாற்றவேண்டிய கட்டாயம் உண்டாயின், பழைய கணக்கை அந்தப் போகம் முடியும்வரை இயங்கும் நிலையில் வைத்திருத்தல் வேண்டும். ஒரு போகத்திற்குரிய பணம் ஒரே முறையில் வராது இரண்டு தவணைகளாக வருதலும் உண்டு. முதலாம் தவணை பழைய கணக்கிற்கும் இரண்டாம் தவணை புதிய கணக்கிற்கும் வரலாம். இதனை அறியாதோர் பணம் குறைந்துவிட்டதென எண்ணி வருந்துவர்.

வாரக்குடியும் காணிச் சொந்தக்காரரும்

மானியம் பயிருக்கு இடும் உரத்திற்காக வழங்கப்படுவது. உரத்தை வாங்கி இடுபவர் செய்கை பண்ணுபவரேயாவர். ஆயினும், காணிச் சொந்தக்காரர் பட்டினத்திலோ பிறநாட்டிலோ இருக்க, இடாப்பில் அவர் பெயரே இருத்தலால், பணம் அவர் கணக்கிற்குச் சென்று, வயலில் நிற்பவர் கடன்பட்டு உரமிடும் நிலை பல ஊர்களில் உண்டு.

1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் செய்கை பண்ணும் குடியானவரின் உரிமையைப் பாதுகாக்கும் நோக்குடன் இயற்றப்பட்டது. அந்நோக்கம் பின்வந்த சட்டங்களிலும் தொடர்ந்து வருகின்றது. எனினும் சட்டம் தானாக வந்து பெயரைப் பதியாது. வாரத்துக்கோ குத்தகைக்கோ செய்பவர், அவ்வொழுங்கை எழுத்தில் ஆக்குவித்து, நிலையத்தில் அறிவித்து, தமது செய்கையைப் பதிவித்தல் வேண்டும். கணக்கிலக்கத்தை மட்டும் மாற்றித் தருமாறு கேட்டல் போதாது. இடாப்பிலுள்ள பெயரும் கணக்கின் பெயரும் ஒத்திராவிடின் மாற்றம் ஏற்கப்படாது போகலாம்.

சொந்தக்காரரும் இதனாற் காணியுரிமை போய்விடுமென்று அஞ்சி மறுத்தல் உண்டு. இவ்விடயத்தில் ஐயமுள்ள இருபாலாரும் கமநல அபிவிருத்தி உத்தியோகத்தர் முன்னிலையில் நிலைமையைக் கேட்டறிந்து உடன்படுதல் வேண்டும். எழுத்தில்லா உடன்பாடு விளைச்சல் நல்ல ஆண்டில் நிலைக்கும். விளைச்சல் கெட்ட ஆண்டிற் பிணக்காகும்.

கமக்காரர் இறந்தவிடத்து

கணக்குடையவர் இறந்தார் என அறிந்ததும் வங்கி அக்கணக்கிற் கொடுக்கல் வாங்கலை நிறுத்தும். இறந்தவரின் இயந்திர அட்டையைக் கொண்டு பிறர் பணம் எடுத்தல் சட்டத்திற்கு மாறானது. பின்னர் உரித்தாளிகளுக்கிடையில் வழக்கிற்கும் அது காரணமாகும்.

எனவே, குடும்பத்தவர் மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பெற்றதும் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவதாக, நிலையத்தில் அறிவித்து, வயலைத் தொடர்ந்து செய்பவரின் பெயரையும் கணக்கையும் பதிவித்தல். இரண்டாவதாக, வங்கியில் அறிவித்து, கணக்கிலுள்ள மீதியை உரியவர் பெறுதற்கு வேண்டியவற்றைக் கேட்டறிதல். கணக்கைத் திறக்கும்போதே தமக்குப்பின் பணத்தைப் பெறவேண்டியவரை எழுத்தில் நியமித்திருப்பின் இரண்டாவது காரியம் எளிதாகும். வாரக்குடியாகச் செய்பவரும், தமக்குப்பின் செய்கையுரிமை பெறுபவரை நியமித்து வைத்தற்குக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் இடமுண்டு.

பெண்கள் தலைமைதாங்கும் குடும்பங்களுக்கு இது மிக வேண்டியது. கணவன் இறந்தபின் வயலைச் செய்து வரும் மனைவியின் பெயர் இடாப்பிற் சேர்க்கப்படாமையால், மானியம் மட்டுமன்றிப் பயிர்ச்சேத நட்டஈடும் அவருக்குக் கிட்டாது போகும்.

பிறநாடு செல்வோர் வயலை மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, கணக்கையும் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கொடுத்துச் செல்லுதல் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக, முறைப்படி அற்றோணித் தத்துவம் கொடுத்தலும், செய்கை பண்ணுபவரின் பெயரைப் பதிவித்தலும் இருவர்க்கும் பாதுகாப்பாகும்.

பணம் வராதவிடத்துச் செய்ய வேண்டியவை

பணம் வரவில்லையெனின் முதலில் வங்கிப் புத்தகத்தைப் பதிவித்துப் பார்த்தல் வேண்டும். பணம் வந்து, தவணைக்காகக் கழிக்கப்பட்டிருத்தலும் கூடும். பழைய கணக்கு இருப்பின் அதனையும் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் இல்லையெனின், நிலையத்திற்குச் சென்று தமது பெயர் பட்டியலில் உண்டா, எந்தக் கணக்கிலக்கத்திற்கு அனுப்பப்பட்டது, அனுப்பிய பணம் திரும்பியதா என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டறிதல் வேண்டும்.

மூடிய கணக்கிற்கு அனுப்பப்பட்ட பணம் பொதுவாக அனுப்பியவரிடமே திரும்பும். விபரம் திருத்தப்பட்டபின்னரே மீண்டும் அனுப்பப்படும். ஆனால், பிழையான இலக்கம் வேறொருவரின் கணக்காக அமைந்துவிடின் நிலைமை கடினமாகும். அவருடைய கணக்கிலிருந்து வங்கி தன் எண்ணப்படி பணத்தை எடுத்துத் தர இயலாது. ஆகவே, அறிந்த அன்றே நிலையத்திற்கும் வங்கிக்கும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தாமதிக்குந்தோறும் பணத்தை மீட்டல் அரிதாகும்.

ஏனைய கொடுப்பனவுகள்

உர மானியத்திற்காகக் கொடுத்த கணக்கை மாற்றியதும் அரசாங்கத்திலிருந்து வரும் எல்லாப் பணமும் புதிய கணக்கிற்கு வருமென எண்ணுதல் தவறாகும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒவ்வொரு காரியாலயம் உண்டு.

அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்குரிய கொடுப்பனவுடன் ஆரம்பிக்கப்பட்டது. அதற்கான கணக்கு விபரம் கமநல சேவை நிலையத்தில் இல்லை. பிரதேச செயலகத்தினூடாகவே அது பதியப்பட்டது. ஆகவே, அக்கணக்கில் மாற்றம் வேண்டுவோர் தமது பிரதேச செயலகத்தில் அறிவித்தல் வேண்டும். பழைய கணக்கை மூடுமுன் மாற்றம் பதிவானதை உறுதிசெய்தல் இங்கும் பொருந்தும். ஏனெனில், மாதந்தோறும் வரும் இப்பணம் ஒரு மாதம் தடைப்படினும் அடுப்பெரிதல் தடைப்படும் குடும்பங்கள் பல.

1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட கமக்காரர் ஓய்வூதியமும், பயிர்ச்சேதத்திற்கான காப்புறுதி நட்டஈடும் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் பொறுப்பிலுள்ளவை. இவைபற்றிய விசாரணையையும் மாற்றத்தையும் அச்சபையின் மாவட்டக் காரியாலயத்திற் செய்தல் வேண்டும்.

கமக்காரர் ஒரு சிறு தாளில், தமக்கு வரும் பணம் யாது, எந்தக் காரியாலயம் அனுப்புகின்றது, எந்தக் கணக்கிற்கு வருகின்றது என்பவற்றை எழுதி வங்கிப் புத்தகத்தினுள் வைத்திருத்தல் பயனுள்ளது. கணக்கு மாறும்போது எவ்வெவ்விடங்களில் அறிவித்தல் வேண்டுமென்பது அத்தாளிலிருந்தே தெரியும்.

வஞ்சனைக்கு இடங்கொடாமை

உரக்கடையிற் கடனுக்கு ஈடாக வங்கிப் புத்தகத்தையும் இயந்திர அட்டையையும் கொடுத்துவைத்தல் சில இடங்களில் வழக்காகியுள்ளது. அவ்வாறு கொடுப்பவர் கடனுக்குரிய தொகையை மட்டுமன்றித் தமது கணக்கு முழுவதையும் பிறர் கையில் ஒப்படைக்கின்றார். எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது. கடன் வேண்டுமாயின் தொகையும் வட்டியும் எழுதப்பட்ட சீட்டுடன் பெறுதல் வேண்டும். அட்டை தம்மிடமே இருத்தல் வேண்டும்.

மானியம் வந்திருப்பதாகவோ கணக்கைப் புதுப்பிக்க வேண்டியதாகவோ தொலைபேசியிற் கூறி, இரகசிய இலக்கத்தையும் குறுந்தகவலாக வரும் இலக்கத்தையும் கேட்போர் உளர். பணம் அனுப்புதற்கு வங்கியின் பெயரும் கிளையும் கணக்கிலக்கமும் போதும். இரகசிய இலக்கம் வேண்டியதில்லை. ஆகவே, அதனைக் கேட்பவர் பணம் அனுப்ப வந்தவரல்லர், எடுக்க வந்தவரேயாவர்.

நினைவிற் கொள்ள வேண்டியன

கணக்கு சொந்தப் பெயரில் இருத்தல் வேண்டும். பெயரும் அடையாள அட்டை எண்ணும் இடாப்பிலும் வங்கியிலும் ஒத்திருத்தல் வேண்டும். மாற்றம் போகத்திற்கு முன் செய்யப்படல் வேண்டும். எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். திகதியிட்ட பிரதி பேணப்படல் வேண்டும். புதிய கணக்கிற் பணம் விழுமுன் பழைய கணக்கை மூடலாகாது. மானியத்திற்குக் கமநல சேவை நிலையமும், நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகமும், ஓய்வூதியத்திற்கும் நட்டஈட்டிற்கும் காப்புறுதிச் சபையும் எனத் தனித்தனியே அறிவித்தல் வேண்டும்.

இவற்றை நிறைவேற்றுதற்கு ஒரு நாள் வேலை கெடும். அந்த ஒரு நாளைப் போகம் தொடங்குமுன் செலவிடும் கமக்காரர், யூரியா இடவேண்டிய நாளிற் பிறர் வாசலிற் சென்று நில்லாது, தமது பணத்தைக் கொண்டே தமது பயிருக்கு உரமிடுவர்.